சமையலறையில் நான் கண்ட சீனா

தம்பி,

இந்தக் கடிதத்தை உனக்கு யார் வாசித்துக் காட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ தமிழ் கதைப்பாய், வாசிக்க மாட்டாய். அது உன் பிழை இல்லை. சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டியவன், சனிக்கிழமைதான் உணவகத்தில் சனம் கூட என்று சொல்லிக்கொண்டு சீனாக்காரரின் சமையலறையில் நின்றேன். ஆகவே இதை வாசித்துக் காட்டுகிற தம்பியோ தங்கச்சியோ, முதலில் உங்களோடுதான் ஒரு கதை. ஒரு வரியையும் விடாதீர்கள். கிழவன் அலட்டுகிறான் என்று நடுவில் பாய்ந்து போகாதீர்கள். இவனுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை முதல் வரியிலேயே எழுதிப் பார்த்தேன். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்துப் போட்டேன். சுற்றி வளைத்துத்தான் எனக்கு வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீ சீனாவுக்கு, வென்சோவுக்குப் போகிறாய் என்று உன் வாயால் நான் கேட்கவில்லை, தம்பி. போன செவ்வாய்க்கிழமை காலை, லா சப்பலில் நான் மரக்கறி அடுக்குகிற கடையில் முருங்கைக்காய்க் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டு நின்றேன். கல்லாவில் இருந்த முதலாளி, "அண்ணை, உங்களைத் தேடி ஒரு சீனாக்காரர் வந்து நிக்கிறார்" என்றார். பார்த்தால் சென் அண்ணை. உனக்கு அவரைத் தெரியும். உன் பெண்சாதி மெய்லியின் அப்பாவுடைய உணவகத்தில் இருபத்திரண்டு வருடம் என்னோடு ஒரே அடுப்படியில் நின்ற பெரிய சமையற்காரர், சின்ன வயதில் உன்னைக் கண்டால் எள்ளுத் தடவிப் பொரித்த உருண்டை தருகிறவர். எழுபது தாண்டிவிட்டார். நீ இருந்த கார்ஜ் லே கொனெஸ் வீட்டைக் கொடுத்துவிட்டாய், இந்த மாதக் கடைசியில் மெய்லியிடம் போகிறாய், திரும்பி வருகிற எண்ணம் இல்லை என்று அவர்தான் சொன்னார். மகன் உனக்குச் சொல்லவில்லையா என்று என்னைக் கேட்டார். சொன்னவன், நான்தான் மறந்துபோனேன் என்றேன். பொய் சொல்வது எனக்கு இப்போது நல்ல பழக்கமாகிவிட்டது.

லெயோ போய்ப் பதினான்கு மாதம். வாசிக்கிறவருக்கு விளங்கட்டும் என்று எழுதுகிறேன்: லெயோ இவனுடைய பிள்ளை, என் பேரன். நான்கு மாதப் பிள்ளை. மத்தியானம் பால் குடித்துவிட்டுப் படுத்தது, எழும்பவில்லை. இது யாருடைய பிழையும் இல்லை, சில பிள்ளைகளுக்கு இப்படி நடந்துவிடுகிறது என்று டொக்டர்மார் சொன்னார்கள். அதற்குப் பிறகு நீயும் மெய்லியும் ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தீர்கள், அவ்வளவுதான். அவள் வென்சோவில் இருக்கிற தன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது நீ பின்னால் போகிறாய். அவள் கதவைத் திறப்பாளா என்பது எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் அதற்குக் காரணம் பிள்ளை போனது மட்டும் இல்லை, நானும்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீ போகிற நாட்டைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்காதே. சீனாவின் மண்ணை நான் மிதித்தவன் இல்லை. ஆனால் அடுப்புப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வேலையை விட்ட பிறகு, நான் இருக்கிற லா கூர்னெவ் நூலகத்தில் படம் போட்ட தடித்த புத்தகங்களை எடுத்து, அகராதியும் கையுமாக இருந்து படித்தேன். உணவகத்தில் கோப்பை கழுவப் போன முதல் நாள், அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு சிவப்புக் கடுதாசிப் படம். தாடி வைத்த ஒருவர், பக்கத்தில் பெண்சாதி. முன்னால் ஒரு தோடம்பழமும் ஊதுபத்தியும். பத்ரோனுடைய தகப்பனாக்கும் என்று நினைத்தேன். உன் மாமனாரை நாங்கள் எல்லோரும் முதலாளி என்கிற பிரெஞ்சுச் சொல்லால் பத்ரோன் என்றுதானே கூப்பிடுவோம், பிறகு சம்பந்தி ஆனபோதும் எனக்கு வேறு சொல் வாயில் வரவில்லை. சென் அண்ணை தன்னுடைய பிரெஞ்சில் விளக்கினார், அது என் பிரெஞ்சைவிட மோசம். படத்தில் இருக்கிறவர் அடுப்புக் கடவுளாம். வருடம் முழுக்க வீட்டில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்து, வருடக் கடைசியில் வானத்து அரசரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவிப்பாராம். புறப்படுகிற நாளில் அவர் வாயில் சீனிப்பாகு தடவுவார்கள், போய் இனிப்பாகச் சொல்லட்டும் என்று. பிறகு படத்தை எரித்து மேலே அனுப்பிவிட்டுப் புதுவருடத்துக்குப் புதுப்படம் ஒட்டுவார்கள். கடவுளுக்கே லஞ்சம் கொடுக்கிற சனத்தோடு நான் சமாளித்துக்கொள்வேன் என்று எனக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது. அடுத்த கிழமை ஒரு சின்னப் பிள்ளையார் படத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் ஒட்டினேன். பத்ரோன் பார்த்தார். அடுத்த நாள் பிள்ளையாருக்கு முன்னாலும் ஒரு தோடம்பழம் இருந்தது. அந்த மனிதரைப் பற்றி இதை நீ மறக்காமல் இருக்க வேண்டும்.

அங்கே போய் யாரிடமும் உங்களுக்கு என்ன சமயம் என்று கேட்காதே. நான் சென் அண்ணையிடம் கேட்டு, அவர் அரை மணித்தியாலம் யோசித்தும் பதில் வரவில்லை. கன்பூசியஸ் என்று ஒரு வாத்தியார் இருந்தார். தகப்பனோடு பிள்ளை எப்படி நடக்க வேண்டும், அரசனோடு குடிமகன் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். லாவோட்சு என்று இன்னொருவர். இழுக்காதே, தள்ளாதே, தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரிப் போ என்றவர். மூன்றாவது புத்தர், இந்தியாவிலிருந்து மலை தாண்டிப் போனவர். அரசர்மார் இடையிடையே ஒருவரைப் பிடித்து மற்றவரைத் துரத்திப் பார்த்தாலும், வீடுகளில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். வேலைக்கு ஒருவர், ஓய்வுக்கு ஒருவர், சாவுக்கு ஒருவர். இவர்களைத் தவிர உணவகத்துக் கல்லாவுக்குப் பின்னால் சிவந்த முகத்தோடு வாள் பிடித்து நிற்கிறாரே, குவான் காங், அவர் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்த தளபதி. சொன்ன சொல்லில் நின்றவர் என்று தெய்வமாக்கிவிட்டார்கள். நம் வைரவரைப் போல வாசல் காக்கிற வேலை அவருக்கு. மெய்லி வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அவளுடைய அம்மா கும்பிட்ட குவான்யின், இந்தியாவிலிருந்து ஆணாகப் போய் அங்கே பெண்ணாகிவிட்டவள், பிள்ளை வரம் கொடுக்கிறவள். புத்தர்தான் எனக்குச் சிக்கல். எங்கள் ஊரில் புத்தர் என்றால் ஆமிக் காம்புக்குப் பக்கத்து அரசமரத்தடியில் திடீரென்று முளைக்கிறவர். சென் அண்ணை அவருக்கு ஊதுபத்தி கொளுத்தினால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏன் என்று ஒரு நாள் கேட்டார், சொன்னேன். உன் ஊருக்கு வந்தவர் வேறு ஆள் என்றார். அதற்குப் பிறகு நான் முகத்தைத் திருப்புவதில்லை.

இதெல்லாம் மேல்பூச்சு. அவர்களுடைய உள்ளே இருக்கிற சமயம் செத்தவர்கள்தான். நூலகப் புத்தகத்தில் ஒரு படம், மாட்டு எலும்பிலும் ஆமை ஓட்டிலும் கீறின எழுத்து. சீனாவில் கிடைத்த ஆகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்றாம், மூவாயிரம் வருடத்துக்கு மேல். அது பாட்டும் இல்லை, சட்டமும் இல்லை. செத்துப்போன மூத்தவர்களிடம் கேட்ட கேள்விகள். எலும்பைச் சுட்டு, அது வெடிக்கிற வெடிப்பைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். மழை வருமா, சண்டையில் வெல்வோமா. அந்தக் கேள்விகளில் ஒன்று, அரசியின் பிள்ளைப்பேறு நல்லபடி நடக்குமா என்பது. அந்த வரியோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மூன்று நாள் திறக்கவில்லை. இன்றைக்கும் சித்திரையில் கல்லறையைக் கூட்டித் துடைத்துச் சோறு வைப்பார்கள், கடுதாசியில் காசும் சட்டையும் செய்து எரிப்பார்கள். ஆனால் அதைத் தங்கள் பெயர் உள்ளவன் கையால் செய்தால்தான் செத்தவனுக்குப் போய்ச் சேரும் என்பது பத்ரோன் போன்ற பழைய ஆட்களின் நம்பிக்கை. பத்ரோனுக்கு மெய்லி ஒருத்திதான். அவருக்குப் பிறகு அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. அதனால்தான் பிள்ளைக்குத் தங்கள் குடும்பப் பெயரை வைக்க முடியுமா என்று அவர் உன்னைக் கேட்டார். நீ ஓம் என்றாய். நகரசபையில் பதிந்துவிட்டு எனக்கு டெலிபோனில் சொன்னாய், பிரெஞ்சில், அவசரமாக.

நான் அன்றைக்குப் போட்ட சத்தத்தை நீ மறந்திருக்க மாட்டாய். என் அப்பாவின் பெயர் உன்னோடு முடிகிறதா, எனக்குக் கொள்ளி வைக்க நீ, உனக்குக் கொள்ளி வைக்க யார் என்றெல்லாம் கத்தினேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையவே கிடையாது. இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் நிரப்பும்போது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நிரப்பித் தந்தவர் உங்கட அப்பாவின் பெயரைப் போடுங்கோ என்றார், போட்டேன். வெறுங்கட்டத்தை நிரப்பப் போட்ட பெயருக்காகத்தான் உன்னோடு நான் மூன்று கிழமை கதைக்காமல் இருந்தேன். பத்ரோனுக்கு இருந்த பயமும் எனக்கு இருந்த பயமும் ஒன்று. செத்த பிறகு நினைக்க ஒருத்தரும் இல்லாமல் போய்விடுவோம் என்ற பயம். இரண்டு கிழவர்கள், ஒரு பச்சைப்பிள்ளை. பத்ரோன் தன் பயத்தை வாய் திறந்து உன்னிடம் கேட்டார். நான் கேட்கவில்லை, கோபித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில், இலங்கையில் காலி என்கிற ஊரில் கிடைத்த ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் நாட்டுக் கல்லை நான் பிரெஞ்சுப் புத்தகத்தில்தான் அறிந்தேன், வெட்கக்கேடு. அறுநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சீனத் தளபதி பெரிய பெரிய கப்பல்களோடு இலங்கைக்கு வந்தான். ஒரு கல்லில் மூன்று மொழியில் எழுதிக் கொண்டுவந்தான். சீனத்தில், தமிழில், பாரசீகத்தில். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய், வாசனைப் பொருட்கள் கொடுத்தோம் என்று மூன்றிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல். ஆனால் சீனத்தில் அதைப் புத்தருக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது, தமிழில் தென்கரையில் கோயில் கொண்டிருந்த நம் சாமிக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. யாருடைய வீட்டுக்குப் போகிறோமோ அந்த வீட்டு வழக்கப்படி கொடுக்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதே ஆள் இன்னொரு பயணத்தில் அங்கே இருந்த அரசனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான் என்பது வேறு கதை. அந்தக் கல் கடைசியில் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம். தமிழனும் சீனனும் சேர்ந்து இருந்த ஒரு கல்லை நாங்கள் அப்படித்தான் பாவித்திருக்கிறோம்.

லெயோவின் முப்பத்தோராம் நாளை நினைத்துப் பார். நமக்கு அது துடக்குக் கழிக்கிற நாள், அவர்களுக்கு அதற்கு முதல் நாள் பிள்ளை மாதம் நிறைகிறது. ஒரு நாள்தான் வித்தியாசம். மெய்லியின் அம்மா அவளை ஒரு மாதம் குளிர் படாமல், பச்சைத்தண்ணீர் தொடாமல், இஞ்சி போட்ட கோழிச் சூப்பும் கையுமாக வைத்திருந்ததைப் பார்த்து, இது பிள்ளை பெற்றவளுக்கு நாம் கொடுக்கிற சரக்குச் சாப்பாடுதானே என்று நான்கூடச் சிரித்தேன். விருந்து பத்ரோனின் உணவகத்தில். பின்பக்கத்துச் சின்னக் கதவால் இருபத்திரண்டு வருடம் போய் வந்தவனை அன்றைக்கு முன்கதவால் கூட்டிப்போனார்கள். பத்ரோன் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துத் தனக்கு வலப்பக்கத்தில் இருத்தினார். மேசை நிறையச் சிவப்புச் சாயம் போட்ட அவித்த முட்டை. நடுவில் ஒரு தட்டத்தில் வந்தவர்கள் வைத்த சிவப்பு உறைகள். நான் எழும்பிப் போய் என்னுடையதை வைத்தேன். வெள்ளை உறை. நான்கு மூலையிலும் சந்தனம். உள்ளே நூற்றொரு ஈரோ. பிள்ளை வளர வேண்டும் என்று ஒன்று கூட்டி வைப்பது நம் வழக்கம். சிவப்புக் குவியலுக்கு மேல் அது தனியாகத் தெரிந்தது. மெய்லி பிள்ளையை வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பத்ரோன் எழும்பி வந்து, அதை இரண்டு கையாலும் எடுத்து, தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் காணாமல் இருக்கத்தான். பிறகு ஒரு சிவப்பு முட்டையை உரித்து என் கோப்பையில் வைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து லெயோவைப் புதைத்தோம். பத்ரோனும் பெண்சாதியும் கல்லறைக்கு வரவில்லை. என்ன மனிதர்கள் இவர்கள், பெயர் வேண்டும் என்று கேட்கத் தெரிந்தது, பேரனுக்கு ஒரு பிடி மண் போட வரத் தெரியவில்லையா என்று நான் லா சப்பலில் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். தங்களுக்கு இளையவர் செத்தால் மூத்தவர்கள் பின்னால் போகக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம் என்று பிறகுதான் சென் அண்ணை சொன்னார். அன்றைக்குப் பத்ரோன் கல்லறை வாசலுக்கு வெளியே, வீதியோரம் காருக்குள், எல்லாம் முடியும்வரை இருந்திருக்கிறார். கார் ஓட்டிக்கொண்டு போனவரே சென் அண்ணைதான். நாங்கள் வெளியே வந்தபோது அந்தக் காரை நானும் கண்டேன். யாரோ என்று கடந்து போனேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். பகல். மெய்லி சோபாவில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். கத்தவில்லை. உன்னிடம் பிரெஞ்சில் சொன்னாள், எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகவே சொன்னாள். இவர் எங்கள் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். வெள்ளை உறை என்ன என்று இவருக்குத் தெரியும். ஒற்றை எண் என்ன என்று இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என் பிள்ளைக்குச் சாவு உறை கொடுத்தார். நீ குறுக்கே வந்தாய். அது நம் ஆட்களுக்கு ஆசீர்வாதம், நூற்றொன்று என்றால் நல்லது, அப்பாவுக்கு உங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாது, நீ துக்கத்தில் கதைக்கிறாய் என்றாய். அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அப்போது நீ என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாய். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நீ என்னோடு கதைத்த முதல் தமிழ்.

"அப்பா, உங்களுக்குத் தெரியாதுதானே?"

"ஓம் தம்பி, தெரியாது" என்றேன்.

அதை அவளுக்கு நீ பிரெஞ்சில் சொன்னாய். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுதான் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, என் அப்பா நல்லவர் என்று நீ சொல்லும்படி வைத்தவன் நான். அடுத்த கிழமையே உணவகத்தில் வேலையை விட்டேன். முழங்கால் வலி என்று சொன்னேன். உன் வீட்டுக்கும் வருவதைக் குறைத்தேன். மெய்லிக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதனால்தான் அப்பா ஒதுங்குகிறார் என்று நீ நினைத்தாய். நீ என்னை நம்பிய நம்பிக்கையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை, தம்பி.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து சென் அண்ணையை ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனேன். அவர் பால் விடாத பிளேன்ரீக்குள் மூன்று கரண்டி சீனி போட்டுக்கொண்டு, ஒரு நாளும் சொல்லாத ஒரு கதையைச் சொன்னார். அவருக்குப் பதினான்கு வயதில், அங்கே பெடியள் எல்லாம் கையில் சிவப்புப் பட்டி கட்டிக்கொண்டு பழைய சாமான்களை உடைத்துத் திரிந்த காலம். கோயில், புத்தகம், சிலை எல்லாம் போனது. அவருடைய வீட்டில் மூத்தவர்களின் பெயர் எழுதின மரப்பலகைகள் இருந்தன, பதினொரு தலைமுறை. பஞ்சத்திலும் பட்டினியிலும் அவருடைய தகப்பன் விற்காமல் காப்பாற்றிய ஒரே சாமான். சென் அண்ணை கூட்டாளிகளைக் கூட்டிவந்து தன் கையாலேயே கோடாலியால் பிளந்தார். பிறகு தகப்பனிடம், என்னைப் பயமுறுத்திச் செய்வித்தார்கள் என்றார். தகப்பன் நம்பினார். அயலட்டை எல்லாம் இவரைத் திட்டினபோது, அவன் சின்னப் பெடியன், அவனுக்கு வேறு வழி இல்லை என்று சண்டை பிடித்தார். நம்பியபடியே செத்தும் போனார். ஒருத்தரும் என்னைப் பயமுறுத்தவில்லை, ஆசையோடுதான் உடைத்தேன் என்று சென் அண்ணை சொன்னார். அப்பா அடித்திருந்தால் ஆறியிருப்பேன், எனக்காகச் சண்டை பிடித்ததைத்தான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் மறைப்பதைத் தெரிந்த ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

எப்படித் தெரியும் என்றால் இப்படித்தான். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பத்ரோனின் தகப்பன் வென்சோவில் செத்துப்போனார். சமையலறை ஆட்கள் சேர்ந்து ஏதாவது கொடுக்க வேண்டும் என்று, என்னைத்தான் உறை வாங்க அனுப்பினார் சென் அண்ணை. வெள்ளை உறை, வேறு நிறம் கூடாது. நூறு சேர்த்தோம், அதற்கு மேல் ஒன்று வைக்கச் சொன்னார். செத்த வீட்டுக்கு ஒற்றையாகத்தான் கொடுக்க வேண்டும், துக்கம் சோடியாக வரக்கூடாது என்றார். அட, இது நாங்கள் கலியாண வீட்டில் கொடுக்கிற கணக்கல்லவா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கள் நல்ல காரியம் எதிலும் இதைச் செய்துவிடாதே என்று இரண்டு தரம் சொன்னார். நானே அதைப் பத்ரோனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். லெயோவின் விருந்தில் வாங்கின மாதிரியே.

விருந்தன்று என் கோட்டின் இடது பைக்குள் ஒரு சிவப்பு உறை இருந்தது, தம்பி. உள்ளே நூறு ஈரோ, இரட்டை எண், புதுத் தாள்கள். காலையில் சீனக் கடையில் வாங்கினது. வலது பைக்குள் வெள்ளை உறை. எதைக் கொடுப்பது என்று வீட்டில் முடிவு எடுக்காமல் இரண்டையும் கொண்டுவந்தேன். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் வாசலிலேயே என் பையைத் தடவிப் பார்த்து ஒன்றைப் பறித்திருப்பாள். பத்ரோன் எழும்பிப் பிள்ளையின் பெயரைத் தங்கள் குடும்பப் பெயரோடு சேர்த்துச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். என் வலது கை தானாகப் போகவில்லை, நான்தான் விட்டேன். அந்த மனிதரின் முகம் ஒரு நிமிடம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கட முறை இதுதான் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்பதையும் நினைத்து வைத்திருந்தேன். நடுவில் ஒரு பிள்ளை கிடக்கிறது என்பதை நினைக்கவில்லை.

ஒரு கடுதாசி உறையால் பிள்ளை சாகாது. டொக்டர் சொன்னது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், மெய்லிக்கும் தெரியும். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. இவருக்குத் தெரிந்திருந்ததா என்பதைத்தான் கேட்டாள். அதற்கு உண்மையான பதில் சொல்ல அன்றைக்கு அந்த அறையில் என்னால் மட்டும்தான் முடிந்தது.

இனி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது. என்றாலும் தகப்பன், வாய் சும்மா இருக்காது. அங்கே எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் கொடு, இரண்டு கையால் வாங்கு. சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்தாதே, அது செத்தவருக்குப் படைக்கிற முறை. மெய்லியின் அத்தை உன் கோப்பையில் எதை வைத்தாலும் சாப்பிடு. சித்திரையில் அவர்கள் கல்லறைக்குப் போனால் நீயும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போ. அந்த ஊர்ச் சனம் இங்கே சும்மா வந்து குவியவில்லை, முதலாவது உலகப்போரில் இந்த நாட்டுக்காரருக்குப் பதுங்குகுழி வெட்ட வந்தவர்களிலும் அந்தப் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள் என்று சென் அண்ணை சொல்வார். நம்மைப் போலப் பிழைக்க வந்த ஆட்கள்தான். அவர்களோடு கோபம் வந்தால் வாயால் கோபி. உறைக்குள் வைத்துக் கொடுக்காதே.

இதைப் படித்து நீ என்னை மன்னிப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மெய்லி கதவைத் திறப்பாள் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. காலம் கடந்துவிட்டது, பிள்ளையும் இல்லை. எனக்குக் கொள்ளி வைக்க நீ வென்சோவிலிருந்து வர வேண்டியதும் இல்லை, இந்த நாட்டுச் சுடலையில் பொத்தானை அமத்தினால் போதும். நீ போகிற அன்று விமான நிலையத்துக்குப் போகிற நேர் ரயில் லா கூர்னெவைத் தாண்டித்தான் போகும். அது அங்கே நிற்காது. நானும் வழியில் வந்து நிற்க மாட்டேன்.

வாசித்துக் காட்டினவரே, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி. உங்கள் வேலை இதோடு முடிந்தது. கடிதத்தை அவனிடம் கொடுங்கள். கீழே இருக்கிற இரண்டு வரி பிரெஞ்சில், நானே அகராதி பார்த்து எழுதினேன், எழுத்துப் பிழை இருக்கும். வேறு ஆளை வைத்து எழுதுவிக்க மனம் வரவில்லை. அதை அவனே வாசிக்கட்டும், பிறகு அந்தப் பகுதியை மட்டும் கிழித்து மெய்லியிடம் கொடுக்கட்டும், இரண்டு கையாலும். தமிழில் சொன்னால் அதில் இவ்வளவுதான் இருக்கிறது:

மெய்லி, நீ சொன்னதுதான் சரி.

எனக்குத் தெரிந்திருந்தது.